மியூசியத்துல பேசறவரு

உக்காருமா, எடம் இருக்குது. அந்தப் பைய இப்பிடிக் குடு, என் மடியில வெச்சிக்கறேன். மியூசியத்துக்கு அடுத்த ஸ்டாப்பிங்தானே? நானு மியூசியத்துல எறங்கறேன். அதுக்கு அடுத்தது உன்னுது. கண்டக்டரக் கேக்கத் தேவையில்ல, நானே சொல்றேன்.

இதுக்கு முந்தின பஸ்ஸுல எங்க வூட்டுக்காரரு போயிட்டாரு. ஒரே வூட்டுலருந்துதான் கெளம்பினோம், ஒரே எடத்துக்குத்தான் போறோம். ஆனா அவரு முந்தின பஸ்ஸு, நானு இந்த பஸ்ஸு. நானு வர்றது அவருக்குத் தெரியாது. சண்டையான்னு பாக்கறியா? அதெல்லாம் ஒண்ணியும் கெடையாது. எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல. சண்டை வரணும்னா ரெண்டு பேரு பேசணுமில்ல.

அவரு பேரு தணிகாசலம். பட்டாளத்துல லாரி ஓட்டினவரு. எங்க சீத்தாப்பேட்டையில வூட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போயிருப்பாங்க. பையன் பட்டாளம்னா எங்கப்பாரு வேற ஒண்ணும் விசாரிக்கல. கல்யாணம் பண்ணி லீவு முடியறதுக்குள்ள கெளம்பிட்டாரு. அடுத்த லீவுக்கு வருவாருன்னு பாத்தா, சிலோனுக்கு அனுப்பிட்டாங்க. அமைதிப்படைன்னு போச்சே, நீ அப்ப பொறந்திருக்க மாட்ட. அந்தப் பட்டாளம்.

அங்கருந்து திரும்பி வந்தாரு பாரு, அன்னைக்கு வாய மூடினவருதான்.

அதுக்கு முன்னால பேசுவாரான்னா, அதுவும் எனக்குத் தெரியாது. கல்யாணமான புதுசுல எவ்ளோ பேசிட முடியும்? சிரிப்பாரு. அது ஞாபகம் இருக்குது.

மத்த சண்டைக்கிப் போயி வந்தவங்களுக்கெல்லாம் எங்க ஊருல மேளம் கட்டி, மாலை போட்டு இட்டுக்கினு வந்தாங்கமா. எங்க மாமனாருக்கு அப்பிடித்தான் பண்ணாங்களாம். இவரு வந்தப்ப ஒருத்தரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவல. அந்த நேரத்துல ஊரு பேச்சு வேற மாதிரி இருந்துச்சு. தமிழன் போயி தமிழன் மேலயே துப்பாக்கி தூக்கினான்னு டீக்கடையில ஒருத்தன் இவரு காதுபடவே சொன்னான். துப்பாக்கி எங்க தூக்கினாரு, லாரிதானே ஓட்டினாருன்னு நானு அவன் வூட்டுக்கே போயி கேட்டுட்டு வந்தேன். இவரு? அந்த டீக்கடைக்குப் போறத நிறுத்திட்டாரு, அவ்ளோதான்.

ரிடையர் ஆயி வந்து வூடு கட்டினாரு. முன்னால இரும்பு கேட்டு. அவரே வாங்கி, அவரே நிறுத்தி, பச்சை பெயிண்டு அடிச்சது. ஆனா அந்தக் கேட்டாண்ட யாராவது வந்து நின்னு கூப்ட்டா, எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிடுவாரு. போஸ்ட்மேன் வந்தா நானு. ஓட்டு கேட்டு வந்தா நானு. பக்கத்து வூட்டு லோகாம்பா அவ பையனத் தேடிக்கினு வந்து, "எங்க வூட்டுப் பையன் இங்க வந்தானா அண்ணே"ன்னு கேட்டாக்கூட, எதிர்ல நிக்கறாரு, "இல்லம்மா"ன்னு ஒரு வார்த்தை வராது. உள்ள வந்து எனக்குக் கைய காட்டுவாரு. நானு கரண்டியும் கையுமா ஓடிப் போயி இல்லன்னு சொல்லிட்டு வரணும். இல்லன்னு சொல்றதுக்குக்கூட ஒரு ஆளு வேணுமா உங்களுக்குன்னு எத்தினி வாட்டி திட்டியிருப்பேன். அவரு காதுலயே வாங்க மாட்டாரு.

கோவம் வர்ற மனுசன் கெடையாது. குடி கெடையாது. என்ன எங்கியும் போவாதன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லாமலே கட்டிப் போட்டாரும்மா. நானு ஒரு வேளை வெளிய போனா, கதவ சாத்திக்கினு உள்ள உக்காந்திருப்பாரு. லைட்டு போட மாட்டாரு. செஞ்சி வெச்சத எடுத்துத் தின்ன மாட்டாரு. எம் பொண்ணு ஹேமாவதி பெங்களூருல இருக்கறா. அவ பிரசவத்துக்குப் போயிட்டு, கொழந்தை முகத்தக்கூட சரியா பாக்காம ஓடியாந்தேன். வந்து பாத்தா மனுசன் அப்பிடியே சேருல உக்காந்திருக்கறாரு, தாடியோட. அப்பறம் எங்க போறது? கல்யாணம், காதுகுத்து, கோயிலு, எல்லாம் போச்சு. பேசறதுக்கு ஆளில்லாம மாட்டோட பேசினேன். மாட்ட வித்தப்பறம் டிவியோட பேசினேன். நீ சிரிக்கற. டிவியாவது திரும்பப் பேசுதே.

அப்பிடி இருக்கறப்பதான் யாஸ்மின் மேடம் வந்தாங்க.

மியூசியத்துக்குப் புதுசா வந்த ஆபீசரு. சின்னப் பொண்ணுதான், எம் பொண்ண விட சின்னவ. கேட்டாண்ட ஸ்கூட்டிய நிறுத்திட்டு, "தணிகாசலம் ஐயா வீடு இதுதானேம்மா"ன்னாங்க. அவரு வழக்கம் போல தோட்டத்துக்குப் போயிட்டாரு. நாந்தான் உக்கார வெச்சி மோரு குடுத்தேன்.

மியூசியத்துல மாசாமாசம் ரெண்டாம் சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி நடத்தப் போறாங்களாம். 'நம்ம ஊர்ப் பட்டாளம்'னு பேரு. சுத்துப்பட்டு ஊருலருந்து பட்டாளத்துக்குப் போயி வந்தவங்கள இட்டுக்கினு வந்து, அவங்க பாத்தத அவங்க வாயால சொல்ல வெக்கறது. அவங்க யூனிபாரம், பெட்டி, போட்டோ எல்லாம் வாங்கிக் கண்ணாடிக்குள்ள வெக்கறது. காலேஜு பசங்க வருவாங்க, யார் வேணா வந்து கேக்கலாம், டிக்கெட்டு கெடையாது. ராஜா கத்தி, பீரங்கின்னு மட்டும் வெச்சிக்கினு இருந்தா போதுமா, நம்ம பக்கத்து ஊருலயே இருக்கறவங்க கதை யாருக்குத் தெரியும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாலை போடல, மேளம் கொட்டல, இத்தினி வருசம் கழிச்சி ஒருத்தி தேடிக்கினு வந்து கேக்கறா பாரு.

"அவரு பேச மாட்டாரும்மா. அவரு கதைய நானு சொல்றேன்"னேன். மேடம் கொஞ்சம் யோசிச்சாங்க. அப்பறம் ஐயாவும் கூட உக்காந்தா சரின்னாங்க.

அவருகிட்ட சொன்னதுக்கு, "வேணாம் பவுனு"ன்னாரு. எம் பேரு பவுனம்மா. பேரு சொல்லிக் கூப்ட்டாரேன்னு எனக்கு ஒரே சந்தோசம். வெக்கப்படறாருன்னு நெனச்சேன். நீங்க வாயத் தொறக்க வேணாம், மெடலக் குத்திக்கினு சும்மா உக்காருங்க, மத்தத நானு பாத்துக்கறேன்னு சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிட்டேன். வந்தாரு. நானு கூப்ட்டா வருவாரு. அந்த வரைக்கும் நல்ல மனுசன்.

மொத மொத அந்த ஹாலுல மைக்கத் தலகீழாப் பிடிச்சேன், மேடம்தான் திருப்பிக் குடுத்தாங்க. அப்பால பேச்சு வந்துச்சு பாரு, எங்கருந்து வந்துச்சோ. கல்யாணமான கதை, லெட்டருக்குக் காத்திருந்த கதை, அவரு கப்பல்ல போன கதை. அங்க கடலு மாதிரி தண்ணி தேங்கி நிக்குமாம். அதுல இடுப்பளவு எறங்கி, புள்ளத்தாச்சிப் பொம்பள ஒருத்தியத் தோளுல தூக்கிக்கினு அக்கரைக்குக் கொண்டு போயி சேத்தாரு. பசியில அழுத கொழந்தைங்களுக்குத் தன்னோட ரொட்டிய பிச்சிக் குடுத்தாரு. சொல்லச் சொல்ல அந்தப் பசங்க கண்ணுல தண்ணி.

இதெல்லாம் அவரு சொன்னாரான்னு கேக்கறியா? சொல்லணுமா? புருசன் மனசுல இருக்கறது பொண்டாட்டிக்குத் தெரியாதா? தண்ணி இருக்கற ஊருன்னு டிவில காட்டினான். இவரு நல்ல மனுசன்னு எனக்குத் தெரியும். நல்ல மனுசன் அந்தத் தண்ணியாண்ட இன்னா பண்ணியிருப்பாரு? தூக்கிக்கினுதான் போயிருப்பாரு.

கைதட்டினாங்கமா. எனக்கு யாரும் கை தட்டினதில்ல. அவருக்குப் பொன்னாடை போத்தினாங்க, எனக்கும் ஒண்ணு போத்தினாங்க. அவரு அந்தப் பொன்னாடையோட, கண்ணாடிக்குள்ள இருக்கற அவரு ட்ரங்குப் பெட்டி எதிர்ல போயி நின்னுக்கினு இருந்தாரு. பெட்டியக் குடுத்தது நாந்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நாந்தான் கையப் பிடிச்சி இட்டுக்கினு வந்தேன்.

அதுலருந்து மாசாமாசம். வேற ஊருக்காரங்க பேசற மாசத்துலயும் முதல்ல நானு கொஞ்சம் பேசிட்டுத்தான் அவங்க ஆரம்பிப்பாங்க. பேப்பருல போட்டோ வந்துச்சு. லோகாம்பா அந்த போட்டோவ வெட்டி வெச்சிருக்கறா. ரெண்டாம் சனிக்கிழமைன்னா எனக்குக் காலையிலயே புடவை எடுத்து வெச்சாச்சு. வூட்டுலருந்து வெளிய போறது, நாலு பேரோட பேசறது, டீ குடிக்கறது. அவரும் கூடவே இருக்கறாரு, அதனால தாடி வளருமா, தின்னாரான்னு கவலையில்ல. ஜெயிலுக்கு ஜன்னலு வெச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

அவருக்கு? அவருக்கென்ன, உக்காந்திருந்தாரு. கொஞ்சம் எளைச்சாரு. வெள்ளிக்கிழமையானா சோறு எறங்காது. வயசாவுதில்ல.

போன ஆடி முடிஞ்சி யாஸ்மின் மேடம் சொன்னாங்க, அடுத்த மாசம் சிலோனுக்குப் போனவங்கள மட்டும் வெச்சி நடத்தலாம்னு இருக்கறேன், நம்ம பக்கத்து அகதி முகாமுல இருக்கற அந்த ஊருக்காரங்களையும் கூப்பிடறேன், ரெண்டு பக்கமும் ஒரே ரூமுல உக்காந்து கேக்கட்டும்னாங்க. அவருகிட்ட நேராவே கேட்டாங்க. ஐயா, உங்களுக்கு சம்மதமா, இல்லன்னா வேணாம்னு. அவரு பதில் சொல்றதுக்குள்ள, "நல்லா நடத்துங்க மேடம், அவரு காப்பாத்துன சனம்தானே, பாக்கட்டும்"னு நானு சொல்லிட்டேன். பின்ன என்ன? அந்தப் பொம்பள இப்ப எங்கியாவது உசுரோட இருந்து, வந்து நின்னு, இவருதான் என்னைத் தூக்கிக்கினு போனவருன்னு சொன்னா எப்பிடி இருக்கும்?

எந்தப் பொம்பளையா? அந்தப் புள்ளத்தாச்சிதாம்மா.

அன்னைக்கு ஹாலு நெறைய ஆளு. முகாமுலருந்து ஒரு வேன் நெறைய வந்திருந்தாங்க. பெருசா யாரும் பேசிக்கல. சுவரோரமா வரிசையா உக்காந்தாங்க. நானு எழுந்து எப்பவும் போல ஆரம்பிச்சேன். கப்பலு, தண்ணி, தூக்கிக்கினு போனது. பசங்க வழக்கமா கண்ணு கலங்கற எடத்துல பாத்தா, இவங்க ஒருத்தர் மூஞ்சிலயும் ஒண்ணும் இல்ல. குனிஞ்சிக்கினு கேக்கறாங்க. எனக்கு வாய் கொஞ்சம் கொழறுச்சு. சீக்கிரமா முடிச்சேன்.

அப்ப ஒரு அம்மா எழுந்தாங்க. என் வயசுதான் இருக்கும். சிவமலருன்னு பேராம், அப்பறம் தெரிஞ்சிது. அவங்க பேச்சு ஒரு மாதிரி, இழுத்து, கேக்கறதுக்கு நல்லா இருக்கும். என்னப் பாக்கல. அவரப் பாத்துதான் கேட்டாங்க.

"ஐயா, நான் கேக்கிறதுக்குக் கோவிக்கக் கூடாது. எங்கட ஊர் ஆமிக் காம்ப் வாசலிலை தமிழ் கதைக்கிற ஆமிக்காரர் ஒருத்தர் நிண்டவர். காணாமல் போன அண்ணாவைத் தேடி அம்மா நெடுகப் போறவ. இங்க இல்லம்மா, வூட்டுக்குப் போங்க எண்டுதான் அவர் ஒவ்வொரு முறையும் சொல்லுறவராம். அது நீங்களோ?"

"இல்லம்மா, எங்க வூட்டுக்காரரு லாரி ஓட்டினவரு. அந்த மாதிரி வேலையெல்லாம் அவருக்குக் கெடையாது"ன்னு நானு மைக்குல சொன்னேன். சொல்லிக்கினு இருக்கறப்பவே அவரு எழுந்து நின்னாரு. என் கையிலருந்து மைக்க வாங்கினாரு. பிடுங்கலம்மா. கொழந்தை கையிலருந்து கத்திய வாங்குவோமே, மெதுவா, அப்பிடி வாங்கினாரு.

அது எந்த ஊருன்னு கேட்டாரு. அவங்க சொன்னாங்க. "அது நானு இல்ல. நானு நின்னது வேற ஊரு, வேற கேட்டு"ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. உக்காந்துடுவாருன்னு சேர இழுத்துப் போட்டேன்.

உக்காரல. "ஆனா நானும் அதே வார்த்தையத்தான் சொன்னேன்"ன்னாரு.

அவரு குரலு அவ்ளோ நேரம் கேட்டு எத்தினி வருசம் ஆச்சுன்னு தெரியல. யாரோ வேற ஆளு பேசற மாதிரி இருந்துச்சு. கூட இருந்தவங்க யாருக்கும் தமிழ் தெரியாதாம். இவருக்குத் தெரியும்னு லாரியிலருந்து எறக்கிக் கேட்டுல நிக்க வெச்சிட்டாங்களாம். பொழுது விடிஞ்சா, எம் புள்ளைய உள்ள பிடிச்சி வெச்சிருக்கறீங்களான்னு தாய்மாருங்க வந்து நிப்பாங்களாம். புள்ள பேரு, வயசு, கடைசியா இன்னா சட்டை போட்டிருந்தான், எல்லாம் சொல்லுவாங்களாம். இல்லன்னு சொல்றது இவரு வேலை. பாதிப் பசங்க மெய்யாலுமே வேற எங்கியோ போனவங்கதானாம். காட்டுக்குப் போனவன், படகு ஏறினவன், இந்தப் பக்கம் வந்தவன். எந்தப் பாதின்னுதான் இவருக்குத் தெரியாதாம்.

"உள்ள போயி பாத்துட்டு வந்து நானு ஒரு நாளும் சொன்னதில்ல. வாசல்லயே நின்னு சொன்னேன்"ன்னாரு.

அப்பறம் ஒரு அம்மாவப் பத்தி சொன்னாரு. தெனமும் வந்துக்கினு இருந்தாங்களாம். ஒரு நா இவரு மூஞ்சிய நல்லாப் பாத்து, மத்த ஆக்கள் சொன்னா நம்ப மாட்டன், நீ தமிழ்ப் பிள்ளை, நீ பொய் சொல்ல மாட்டாய்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாங்களாம். "அவங்க நம்பிட்டாங்க. அதுக்கப்பறம் வரவே இல்ல"ன்னாரு. இத்த சொல்லிட்டும் மைக்க எறக்கல. மைக்குல அவரு மூச்சு விடறது கேட்டுச்சு.

அந்த சிவமலரு நின்னுக்கினேதான் இருந்தாங்க. "எங்கட அம்மா நம்பேல்லை ஐயா. சாகுமட்டும் தேடினவ"ன்னு சொல்லிட்டு உக்காந்தாங்க. திட்டறாங்களா, ஆறுதல் சொல்றாங்களா, எனக்கு இன்னி வரைக்கும் புரியல. ஒருத்தரும் கை தட்டல. யாஸ்மின் மேடம் கண்ணத் தொடச்சிக்கினு இருந்தாங்க. அப்பறம் முகாமுக்காரங்க ஒவ்வொருத்தரா எழுந்து அவரச் சுத்தி வந்து நின்னாங்க. கேட்டாங்க, இவரு சொன்னாரு. எனக்கு முதுகுங்கதான் தெரிஞ்சிது. மொத நாளுலருந்து அவரு பக்கத்து சேரு என்னோடது. அன்னைக்கு அதுல வேற யாரோ உக்காந்திருந்தாங்க. டீய ஆறவிட்டு ஒரு ஓரமா நின்னேன்.

இப்ப நீயே சொல்லு. கட்டின பொண்டாட்டி, ஒரே வூடு. சோறு போட்டேன், தாடி எடுக்கச் சொல்லி நின்னேன், இல்லன்னு சொல்ல ஆளு வேணும்னா கேட்டாண்ட ஓடினேன். எங்கிட்ட சொல்லாதத, மொத தடவ பாக்கற பொம்பளகிட்ட சொல்றாரு. அதுவும் மைக்குல. தண்ணியில எறங்குனதெல்லாம் இல்லன்னு ஆயிடுச்சில்ல? என்னப் பத்தி அந்தப் பசங்க இன்னா நெனச்சிருப்பாங்க?

திரும்பி வர்ற பஸ்ஸுல கேட்டுட்டேன். ஏன் எங்கிட்ட சொல்லலன்னு. எறங்கற எடம் வந்தப்பறம்தான் சொன்னாரு.

"அவங்க கேட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க பவுனு. உங்கிட்ட சொன்னா, நீ தெனமும் என்னைப் பாக்கணுமே."

இதுக்கு இன்னா அர்த்தம்? தெனமும்தானே பாத்துக்கினு இருக்கறேன்?

அடுத்த மாசம் மேடம் எனக்கு போன் பண்ணாங்க. பக்குவமாத்தான் சொன்னாங்க, கொறை சொல்லக் கூடாது. அம்மா, இனிமே ஐயாவே பேசட்டும், நீங்க கூட வந்து உக்காந்தா போதும்னாங்க. சரின்னு புடவை மாத்திக்கினு நிக்கறேன், அவரு செருப்பு போட்டுக்கினே சொல்றாரு, நீ வராத, நீ எதிர்ல இருந்தா எனக்கு வாய் வராதுன்னு. அப்பிடியே நடந்து போயி தனியா பஸ் ஏறிட்டாரு. என்ன வுட்டுட்டு அந்த மனுசன் தனியாப் போயி நானு பாத்ததில்ல.

அன்னைக்கு நானு கதவ சாத்திக்கினு உள்ள உக்காந்திருந்தேன். சோறு இருந்துச்சு. எடுத்துத் தின்னத் தோணல.

வூட்டுல மாறிட்டாரான்னு கேக்கறியா? இல்லியே. அப்பிடியேதான். அதே சேரு, அதே மூடின வாய். மாசத்துல ஒரு நா போயி எல்லாத்தையும் அங்க எறக்கி வெச்சிட்டு, காலிப் பையாட்டம் வூட்டுக்கு வர்றாரு. நானு காலிப் பையோட குடும்பம் நடத்தறேன்.

அதுக்கு அடுத்த மாசம் என்னால முடியல. அவரு போன பஸ்ஸுக்குப் பின்னால பஸ்ஸ பிடிச்சி வந்துட்டேன். ஹாலுக்குப் பின்பக்கம் ஒரு வேப்பமரம் இருக்குது, அங்க ஜன்னலாண்ட நின்னா உள்ள பேசறது நல்லா கேக்கும். நின்னேன். புதுசா ஒண்ணொண்ணு சொல்றாரும்மா. ஒரு தாயி கேட்டாண்ட வந்து கேக்கறதையே மறந்துட்டு, நீ சாப்ட்டியான்னு இவரக் கேட்டாங்களாம். அந்த ஊருல பல்லாங்குழி ஆடற பொண்ணுங்களப் பாத்தா என் ஞாபகம் வருமாம். என் ஞாபகம்! இத்த நானு ஜன்னலுக்கு வெளிய நின்னு தெரிஞ்சிக்கினேன்.

ஒரு காலேஜு பொண்ணு கேட்டா, ஐயா, உங்க வீட்டம்மாவுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதான்னு.

"அவ நல்லாப் பேசுவா. அவ பேச்சுக்குள்ளதான் நானு இத்தினி வருசமா ஒளிஞ்சிக்கினு இருந்தேன்"ன்னாரு.

பாத்தியா? என்ன நல்லாப் பேசுவான்னு எல்லார் எதிர்லயும் சொல்லியிருக்கறாரு. வூட்டுல சொன்னா இன்னா கொறைஞ்சிடும்? அன்னைக்கு அவருக்கு முன்னால ஓடி வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி அடுப்பாண்ட உக்காந்துட்டேன். வந்து காப்பி வாங்கிக் குடிச்சாரு. எனக்கு வாய் அரிக்குது. பல்லாங்குழின்னு ஒரு வார்த்தை சொன்னாலும் நானு வந்து நின்னது தெரிஞ்சிடும். தெரிஞ்சா அங்கயும் பேசறத நிறுத்திடுவாரு. அதனால இப்ப நானும் பேசறதில்லம்மா. வூட்டுல ரெண்டு பேரும் சும்மா இருக்கறோம். லோகாம்பா கேட்டாண்ட வந்து, உள்ள ஆளு இருக்கறீங்களா இல்லியான்னு கேக்கறா.

போன மாசம் வந்து பாக்கறேன், ஜன்னலெல்லாம் சாத்தியிருக்குது. யாரோ பெரிய மனுசரு ஹாலுக்கு ஏசி போட்டுக் குடுத்துட்டாராம். கண்ணாடி வழியா அவரு நிக்கறது தெரியுது, மைக்கப் பிடிச்சிருக்கறது தெரியுது, வாய் அசையறது தெரியுது. ஒரு சத்தமும் வெளிய வரல. கடைசியில ஏதோ சொல்லி, எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரும்மா. எங்க கல்யாணத்தப்ப சிரிச்சாரே, அதே மாதிரி. இன்னா சொல்லி சிரிச்சாருன்னு தெரியாம நானு மரத்தாண்ட நிக்கறேன். இந்த ஒரு மாசமா அதே நெனப்பு. யாரக் கேக்கறது? மேடத்தக் கேட்டா அவருகிட்ட சொல்லிடுவாங்க.

தோ, பாலம் வந்துடுச்சு. அடுத்தது மியூசியம்தான். உனக்கு ஜாக்கெட்டு தெச்சி வாங்க சாயந்தரம் வரைக்கும் ஆவும்னுதானே டெய்லரு சொன்னான்? ஏறறப்ப போனுல பேசிக்கினு இருந்தியே, கேட்டேன். அதுவரைக்கும் வெயில்ல எங்க சுத்துவ?

எங்கூட எறங்கிக்க. யார் வேணா உள்ள போலாம், டிக்கெட்டு கெடையாது. ஏசி இருக்குது, டீ குடுப்பாங்க. முன்னால போயி உக்காரு. நெட்டையா, மீசை நரைச்சி, இடது பக்கம் மெடலு குத்தியிருப்பாரு. நானு அனுப்பினேன்னு தெரிய வேணாம். நானு அந்த மரத்தாண்ட நின்னுக்கினு இருப்பேன்.

முடிஞ்சப்பறம் வந்து, அவரு இன்னா சொன்னாருன்னு எங்கிட்ட சொல்லு. அவரு சொன்னத அப்பிடியே சொல்லணும்மா. நீயா ஒண்ணும் சேத்துடாத.